மதுரையில் ஊர்க்காவல் படையில் சேருவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாநகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கங்களிலும் சேர நினைப்பவர்களும், புதிதாகச் சேர்ந்தவர்களும், அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம்.

ஊர்க்காவல் படைன்னா போலீஸா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

இல்லை. ஆனால் டூட்டிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் கிட்டத்தட்ட ஆமாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் சரியாகும். இது தன்னார்வப் படை. உங்களுக்கென்று ஒரு தொழிலோ வேலையோ இருக்கும். காவல் துறைக்கு ஆள் தேவைப்படும்போது அழைப்பு வரும், போய் நிற்பீர்கள். அப்படி முறைப்படி அழைக்கப்பட்டுப் பணியில் இருக்கும்போது காவலருக்குரிய அதிகாரமும் சட்டப் பாதுகாப்பும் உங்களுக்கும் உண்டு. பணி முடிந்து அனுப்பிவிட்டால் நீங்கள் சாதாரணக் குடிமகன். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

1946 டிசம்பர் 6-இல் பம்பாயில் கலவரக் காலத்தில் தொடங்கியது. அதனால்தான் டிசம்பர் 6 ஊர்க்காவல் படை தினம். 1962 சீனப் போருக்குப் பிறகு நாடு முழுக்கத் திருத்தி அமைத்தார்கள். நம் மாநிலத்தில் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது.

இதைத்தானே தடை பண்ணிட்டாங்க? 'பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'னு பேப்பர்ல வந்துச்சே?

அது வேறு. காவல் நண்பர்கள் குழு 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவியது. அவர்களுக்குச் சீருடையோ படியோ காவல் அதிகாரமோ கிடையாது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்ததையடுத்து, ஜூலையில் அந்த அமைப்புக்குத் தமிழக அரசு தடை விதித்தது. ஊர்க்காவல் படைக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அந்தத் தடை இதைத் தொடவில்லை.

2013-இல் சட்டம் போட்டு ஆள் எடுத்தார்களே, சிறப்புக் காவல் இளைஞர் படை, அதையும் இதோடு குழப்புகிறார்கள். அது மாதச் சம்பளத்துக்கு எடுத்த முழுநேர வேலை. இது அப்படியல்ல.

யார் யார் சேரலாம்? பத்தாவது பெயிலான எங்க தம்பி சேர முடியுமா?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பை ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே போடுவார்கள். 20 முதல் 45 வரை என்று வருவதுதான் அதிகம். படிப்பு பத்தாம் வகுப்பு. தேறியவர், தவறியவர் இருவரையுமே எடுப்பது வழக்கம். ஆகவே தம்பி தாராளமாகப் போடலாம். உயர அளவும் அறிவிப்பில் இருக்கும்.

குற்ற வழக்கு இருக்கக் கூடாது. அரசியல் கட்சியிலோ சாதி, மத அமைப்பிலோ உறுப்பினராக இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் ஃபிளெக்ஸ் பேனரில் படம் போடாத இளைஞர் குறைவு. மன்றச் செயலாளர், பேரவைத் துணைத் தலைவர் என்று உங்கள் படத்தோடு பேனர் நின்றால், விசாரணைக்கு வரும் ஏட்டு அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

விண்ணப்பம் எங்க வாங்கணும்? நான் சிட்டி ஓரத்துல இருக்கேன், சிட்டியா டிஸ்ட்ரிக்டானு தெரியல.

மதுரை மாநகரக் காவல் ஆணையரகம், மதுரை மாவட்டக் காவல் துறை இரண்டும் தனித்தனி. ஊர்க்காவல் படையும் அப்படியே இரண்டு பிரிவாக இருக்கிறது. ஆள்சேர்ப்பும் தனித்தனியே நடக்கும். மாநகராட்சி வார்டில் வரி கட்டுகிறோம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாநகராட்சி எல்லையும் மாநகரக் காவல் எல்லையும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. உங்கள் தெருவில் திருட்டு நடந்தால் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பீர்கள் என்று பாருங்கள். அந்த ஸ்டேஷன் எந்தப் பிரிவோ, அதுதான் உங்கள் பிரிவு.

அறிவிப்பு நாளிதழ்களில் வரும். ஸ்டேஷன் பலகையிலும் ஒட்டுவார்கள். கல்விச் சான்று, ஆதார், குடும்ப அட்டை நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பழைய வாடகை வீட்டு முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். முகவரி வேறு எல்லையில் இருந்தால் விசாரணை அந்த ஸ்டேஷனுக்குப் போய் அங்கேயே கிடக்கும். 'உள்ளே ஆள் இருக்கு, ஐயாயிரம் கொடுத்தா முடிச்சிரலாம்' என்று எவராவது வந்தால் அது மோசடிதான். இதில் விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு வருமானமும் இல்லை.

என் மேல ஒரு பழைய பெட்டி கேஸ் இருக்கு. சொல்லணுமா, மறைச்சிரலாமா?

சொல்லிவிடுங்கள். காவல் துறையிடமே வழக்கை மறைப்பது வீண் வேலை. ஸ்டேஷன் பதிவேட்டையும் கணினிப் பதிவையும் பார்த்துத்தான் சான்று தருகிறார்கள். அபராதம் கட்டி முடிந்த வழக்கானால் ரசீது அல்லது நீதிமன்ற உத்தரவு நகலை இணையுங்கள். விடுதலை ஆகியிருந்தால் தீர்ப்பு நகல். அடிதடி, பெண்களுக்கு எதிரான வழக்கு, கஞ்சா, மணல் திருட்டு போன்றவை நிலுவையில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். எதையும் மறைத்து உள்ளே வந்து பிறகு தெரிந்தால் நீக்கம்தான். வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய காரணமாக நிற்கும்.

டிரெய்னிங் எத்தனை நாள்? வேலையை விட்டுட்டுப் போகணுமா?

பொதுவாக 45 நாள், தினமும் ஒரு மணி நேர அளவில், ஆயுதப்படை மைதானத்தில். வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் காலையிலோ மாலையிலோ வைக்கிறார்கள். கவாத்து, லத்திப் பயிற்சி, போக்குவரத்துக் கைச்சைகை, முதலுதவி, தீத்தடுப்பு, அடிப்படைச் சட்டம் எல்லாம் உண்டு.

தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். ஒன்று கால். பழக்கமில்லாத காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கெட்டித் தரையில் குதிகாலை அடித்து நடந்தால் முதல் பத்து நாளில் கணுக்காலும் முன்னங்கால் எலும்பும் வலிக்கும். அழைப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து பழகுங்கள்; பூட்ஸுக்குள் தடித்த பருத்திச் சாக்ஸ் போடுங்கள். இன்னொன்று வருகைப் பதிவு. கல்யாணம், காதுகுத்து என்று விடுபட்ட நாள்கள் கூடினால் அடுத்த அணியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். முகூர்த்த மாதங்களில் பயிற்சி வந்தால் வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சம்பளம் எவ்வளவு? அதை முதல்ல சொல்லுங்க.

சம்பளம் கிடையாது, படிதான். ஒரு நாள் பணிக்கு 560 ரூபாய். வழக்கமான அழைப்பு மாதம் 5 நாள். கணக்குப் போட்டால் 2800 ரூபாய். பி.எஃப்., ஓய்வூதியம், பணிக்கொடை இல்லை.

2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஊர்க்காவல் படையினர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர், பணிவரன்முறை கேட்க முடியாது. ஆனால் பணிபுரியும் நாளுக்குக் காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடான படி தர வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பிறகு இங்கே நாள் படி கூடியது, அழைக்கும் நாள் குறைந்தது. நாள்களைக் கூட்டச் சொல்லிக் கோரிக்கை வந்துகொண்டே இருக்கிறது, நியாயமான கோரிக்கைதான். ஆனாலும் இந்தப் பணத்தை நம்பிச் சீட்டுப் போடுவது, வண்டித் தவணை எடுப்பது வேண்டாம். படி வங்கிக் கணக்குக்கு வரும், சில சமயம் தாமதமாக வரும்.

நான் தனியார் கம்பெனியில ஷிப்ட் பார்க்குறேன். சமாளிக்க முடியுமா?

முடியும், நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுச் சேர்ந்தால். ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் முதலிலேயே வாங்கி வையுங்கள். பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் டூட்டி பாஸ்போர்ட்டின் படத்தை மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். சொந்தக் கடை, ஆட்டோ, விவசாயம் என்றால் எளிது. இரவு ஷிப்ட் முடித்து அப்படியே காலை பந்தோபஸ்துக்கு வருவதை மட்டும் செய்யாதீர்கள். வெயிலில் மயங்கி விழுகிறவர்களில் தூக்கமில்லாமல் வந்தவர்களே அதிகம்.

பாஸ்போர்ட்டா? வெளிநாடு போறவங்களுக்குத்தானே அது?

காவல் துறையில் பணி அனுப்பும் சீட்டுக்கு அதே பெயர். யார், எங்கே, எந்த நேரத்திலிருந்து, எந்த அதிகாரியின் கீழ் என்று அதில் எழுதியிருக்கும். முதல் கேள்விக்கான பதிலில் 'முறைப்படி அழைக்கப்பட்டு' என்று சொன்னோமே, அதற்குச் சாட்சி இந்தச் சீட்டும், பணிக்கு முன் பெயர் கூப்பிட்டு வருகை எடுக்கும் ரோல்கால் பதிவும்தான். எஸ்.ஐ. போனில் 'வாப்பா' என்று கூப்பிட்டதால் போய் நின்றோம் என்றால், அடிபட்டாலும் பிரச்சினை வந்தாலும் நீங்கள் அங்கே பணியில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஸ்டேஷன் ரைட்டரிடம் நயமாகக் கேட்டுப் பதிவு போட வையுங்கள்: 'ஐயா, என் பேரைப் பொது நாட்குறிப்பில் ஏத்திருங்கய்யா.' கேட்பதில் தப்பில்லை. பணி முடிந்ததும் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

ராத்திரி ரோந்துன்னா என்ன செய்யணும்? சும்மா சுத்தி வர்றதா?

காவலர் ஒருவரோடு சேர்ந்து போவீர்கள். தனியாக அனுப்பினால், துணை ஆள் யார் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஏ.டி.எம்., நகைக்கடை, கோயில், பூட்டிய வீடு என்று குறித்த இடங்களில் பட்டா புத்தகம், அதாவது ரோந்து வந்ததைப் பதியும் நோட்டு, இருக்கும்; நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாப் புத்தகத்திலும் போட்டுவிட்டு ஓரமாக உட்காரும் பழக்கத்தைப் பார்த்தால் அதில் சேராதீர்கள். தெற்காவணி மூல வீதி மாதிரி நகைக்கடைத் தெருவில் அன்றைக்கே திருட்டு நடந்தால் அந்தக் கையெழுத்துதான் முதலில் மாட்டும். ஒவ்வொரு சுற்றிலும் பாதையைத் திருப்பிப் போட்டு நடங்கள். நோட்டம் பார்க்கிறவன் உங்கள் நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் வருவான்.

பூட்டு உடைந்தோ ஷட்டர் பாதி தூக்கியோ இருந்தால் உள்ளே போகக் கூடாது. டார்ச்சை அணையுங்கள், கொஞ்சம் விலகி நில்லுங்கள். கூட இருப்பவர் ரோந்து அதிகாரிக்குச் சொல்லட்டும். இல்லையென்றால் 100 அல்லது 112. பின்பக்கச் சந்து இருந்தால் ஒருவர் அந்தச் சந்தின் முனையில் போய் நிற்கட்டும். ஆள் வரும்வரை கைப்பிடியையோ பூட்டையோ தொட வேண்டாம், ரேகை எடுப்பார்கள். இதைவிட அன்றாடத் தொல்லை தெருநாய். கையில் லத்தி இருப்பது பாதி அதற்குத்தான். ஓடாதீர்கள், நின்று தரையில் தட்டுங்கள்.

சித்திரைத் திருவிழா டூட்டி ரொம்பக் கஷ்டம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. ஆண்டிலேயே கடினமான டூட்டி அதுதான். கொடியேற்றத்திலிருந்து மாசி வீதிகளில் சாமி புறப்பாடு, திருக்கல்யாணம், தேரோட்டம். அதைத் தொடர்ந்து மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளம், விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்குவது, அப்புறம் வண்டியூர், தேனூர் மண்டபம் என்று நாள்கணக்கில் நீளும். எதிர்சேவை அன்று போட்ட இடத்திலேயே மறுநாள் காலை வரை நிற்க வேண்டிவரலாம். சாப்பாட்டுப் பொட்டலம் வரும், நேரத்துக்கு வராது. கடலை மிட்டாய், வாழைப்பழம், தண்ணீர் கையில் இருக்கட்டும். பக்தர்கள் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். போனையும் பாஸ்போர்ட்டையும் பாலிதீன் உறையில் போட்டு உள்பையில் வையுங்கள்.

வேலையின் சாரம் கூட்டம் நிற்காமல் நகரச் செய்வது. 2022-இல் அழகர் இறங்கிய அன்று நெரிசலில் இருவர் இறந்தார்கள்; அதை மறக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் ஆபத்து தொடங்குகிறது. அளவுகோல் இல்லாமலே தெரியும்: நிற்பவர்களால் கையைத் தூக்கிக் கும்பிட முடியவில்லை, ஒரு பக்கம் தள்ளினால் மொத்தக் கூட்டமும் அலைபோல் ஆடுகிறது, பெண்கள் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். இதில் எதைப் பார்த்தாலும் உடனே பொறுப்பு அதிகாரிக்குச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர்களைத் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். முன்னால் நிற்பவர்களை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது நெரிசலைக் கூட்டும். குறுக்கே கைகோத்து மறிப்பதும் அப்படித்தான். ஓரமாகச் சாய்வாக நின்று பக்கத்துச் சந்துக்கு வழி காட்டுங்கள், விழுந்தவரைச் சுற்றி முதலில் இடம் உண்டாக்குங்கள்.

தொலைந்த குழந்தை கிடைத்தால் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். அதே இடத்தில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, உதவி மையத்தில் ஒப்படைத்து மைக்கில் சொல்ல வையுங்கள். 'நான் இவன் மாமா' என்று யார் வந்தாலும் உடனே கொடுக்க வேண்டாம். குழந்தை அவரைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள், போனில் குடும்பப் படம் கேளுங்கள், மையத்தில் கையெழுத்து வாங்கியபின்தான் அனுப்ப வேண்டும். கழுத்தில் நகை போட்டு வரும் பெண்களிடம், 'அக்கா, சங்கிலியை ஊக்கு போட்டுச் சேலையோட குத்திக்கங்க' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஸ்டேஷனில் பல புகாரைக் குறைக்கும்.

ஜல்லிக்கட்டுல வாடிவாசல் பக்கத்துல நிக்க விடுவாங்களா? ஓசியில பார்க்கலாம்ல?

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் பெரும்பாலும் வாகன நிறுத்தம், பார்வையாளர் நுழைவு, காளைகள் வரிசை ஆகிய இடங்களில்தான் போடுவார்கள். கலெக்‌ஷன் பாயிண்டில் போட்டால் எச்சரிக்கை: களத்திலிருந்து வெளியே வந்த காளை மிரண்டு நிற்கும் இடம் அது. மாட்டுக்காரரைத் தவிர எவரையும் உள்ளே விடாதீர்கள், நீங்களும் தடுப்புக்கு வெளியிலேயே நில்லுங்கள்.

வண்டியை நிறுத்தி ஆர்.சி. கேக்கலாமா? ஃபைன் போடலாமா?

அபராதம் போட முடியாது. சலான் இயந்திரம் உரிய அதிகாரியின் கையில்தான் இருக்க வேண்டும்; அவசரத்துக்கு உங்களிடம் நீட்டினாலும் வாங்காதீர்கள். காளவாசல், கோரிப்பாளையம் சிக்னலில் உங்கள் வேலை வாகனத்தை நிறுத்துவது, விடுவது, ஆம்புலன்ஸுக்கு வழி எடுப்பது. சோதனையில் அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது அவர் சொன்ன வண்டியை ஓரங்கட்டச் சொல்லலாம். ஓடும் வண்டியின் சாவியைப் பிடுங்குவது, குறுக்கே பாய்வது கூடவே கூடாது. தப்பிப் போனால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

காசு கையில் வாங்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பணியில் இருக்கும்போது நீங்கள் பொது ஊழியர். லஞ்ச ஒழிப்புச் சட்டம் பொது ஊழியருக்கானது.

டூட்டி இல்லாத நாள்ல கண்ணு முன்னாடி ஒருத்தன் செயினைப் பறிச்சா பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஊர்க்காவல் படையினர் என்ற முறையில் அல்ல. உங்கள் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரை எந்தக் குடிமகனும் பிடிக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கூட்டம் சேர்ந்து அடிக்கத் தொடங்கினால் அவனைக் காப்பாற்றுவதும் உங்கள் வேலைதான்.

சீருடையில பைக்ல போனா யாரும் நிறுத்த மாட்டாங்கள்ல? பைக்ல 'போலீஸ்'னு ஒட்டிக்கலாமா?

கூடாது. சீருடை பணிக்கும் பயிற்சிக்கும் மட்டும். பொது ஊழியர் என்று நம்ப வைக்கும் எண்ணத்தோடு உடையோ அடையாளமோ அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆம் பிரிவில் குற்றம். நீங்கள் உண்மையிலேயே படையில் இருப்பவர் என்பது, பணியில் இல்லாத நேரத்தில் 'நான் போலீஸ்' என்று சொல்லிக்கொள்ள அனுமதி ஆகாது. தலைக்கவசம் போடாத சீருடைக்காரரைப் படம் எடுத்துப் போட இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

இன்ஸ்பெக்டரே 'ரெண்டு போடு'ன்னு சொன்னா அடிக்கணுமா?

கூட்டத்தைக் கலைக்க அதிகாரி முறைப்படி உத்தரவிட்டு, அணியாகப் பயிற்சியில் சொன்னபடி இடுப்புக்குக் கீழே லத்தி பயன்படுத்துவது ஒன்று. ஸ்டேஷனுக்குள் பிடித்து வைத்த ஆளை அடிப்பது முற்றிலும் வேறு. அதற்கு யாருடைய உத்தரவும் பாதுகாப்பாகாது. சாத்தான்குளம் வழக்கு மதுரை நீதிமன்றத்தில்தான் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். லாக்கப் பக்கம், விசாரணை அறைப் பக்கம் உங்களுக்கு வேலை இல்லை. பாரா (காவல்) நிற்கச் சொன்னால் வாசலில் நில்லுங்கள். உள்ளே கூப்பிட்டால், 'ஐயா, எனக்கு பாஸ்போர்ட் வெளி பந்தோபஸ்துக்குத்தான்யா' என்று சொல்லி ஒதுங்குங்கள். மறுநாள் உங்கள் ஊர்க்காவல் படை கமாண்டரிடம் தெரிவியுங்கள்.

எங்க சாதிக்காரங்க ஊர்வலத்துக்கே டூட்டி போட்டா என்ன செய்றது?

அக்டோபர் 30 தேவர் குருபூஜையை ஒட்டிக் கோரிப்பாளையத்திலோ, வேறு தலைவர் சிலைகளிலோ, கிராமத் திருவிழா முதல் மரியாதைத் தகராறிலோ இது வரும். உறவினர் நேரடியாகச் சம்பந்தப்பட்ட தகராறு என்றால் ரோல்காலிலேயே சொல்லி இடம் மாற்றக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள். பொதுவான ஊர்வலம் என்றால் நில்லுங்கள். கோஷத்துக்குத் தலையாட்டுவது, துண்டு வாங்கித் தோளில் போடுவது, செல்பி, ஸ்டேட்டஸ் எதுவும் வேண்டாம். எதிர்த் தெருக்காரர் உங்கள் சீருடையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்ப்பார். சின்ன ஊரில் இது தவிர்க்க முடியாதது. அங்கே நிற்கும்போது யாரிடமும் பேசாமல் இருப்பதே நல்லது.

பொம்பளப் பிள்ளைங்க சேரலாமா? வீட்டுல விட மாட்டேங்குறாங்க.

சேரலாம், தேவையும் அதிகம். பெண்களைப் பெண்களே சோதனையிட வேண்டும் என்பது சட்டம். கோயில் வாசல், திருவிழா, தேர்தல் எதுவானாலும் ஆள் போதாது. வீட்டாரின் கவலை நியாயமானதுதான். டூட்டி இடத்தில் கழிப்பறை எங்கே, முடிந்தபின் திரும்பப் பேருந்து உண்டா என்று ரோல்காலிலேயே கேளுங்கள். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் நிற்பது சிறுநீர்த் தொற்றில் முடிகிறது.

டூட்டியில அடிபட்டா யார் பார்ப்பாங்க?

முதலில் பெரியாஸ்பத்திரி. தனியார் மருத்துவமனைக்கு ஓடினாலும், பணியில் அடிபட்டது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், அந்தப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி) இல்லாமல் பின்னால் எந்த உதவித்தொகையும் கேட்க முடியாது. அதோடு டூட்டி பாஸ்போர்ட், பொது நாட்குறிப்புப் பதிவு, மருத்துவ ரசீதுகள். அன்றே எஸ்.ஐ.க்கும் கமாண்டருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 'சின்ன அடிதானே' என்று விட்டு, பத்து நாள் கழித்து முட்டி வீங்கிய பிறகு எழுதினால் நம்ப வைப்பது பெரும்பாடு.

எலக்‌ஷன் டூட்டிக்கு வெளியூர் அனுப்புவாங்களா? அப்ப என் ஓட்டு?

அனுப்புவார்கள், சில சமயம் வெளி மாநிலத்துக்கும். உத்தரவு வந்ததும் தபால் வாக்குக்கான படிவம் 12-ஐக் கேட்டு வாங்கி, வாக்காளர் அட்டை எண், பாகம் எண், வரிசை எண் சரிபார்த்து உடனே கொடுத்துவிடுங்கள். பாகம் எண் தப்பாக எழுதுவதால்தான் பல படிவங்கள் திரும்புகின்றன. போர்வை, கொசுவத்தி, மாற்றுச் செருப்பு எடுத்துப் போங்கள். தங்குமிடம் பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறை.

இதுல இருந்தா போலீஸ் வேலை தானா கிடைக்கும்ல?

கிடைக்காது. இரண்டாம் நிலைக் காவலர் ஆக வேண்டுமென்றால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வு, உடல் தகுதித் தேர்வு எல்லாவற்றையும் மற்றவர்களைப் போல எழுதித்தான் தேற வேண்டும். இங்கே கற்ற கவாத்தும் ஒழுங்கும் துணை செய்யும், அவ்வளவுதான். படிக்க வேண்டிய வயதில் இருப்பவர்கள் மாதம் 5 நாள் டூட்டியைச் சாக்காக வைத்துப் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

பிடிக்கலைன்னா விலகிடலாமா? போகாம நின்னாப் போதுமா?

போகாமல் நிற்பது விலகல் ஆகாது. அழைப்புக்குத் தொடர்ந்து வராவிட்டால் நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவர் என்ற பதிவு பிறகு வேறு அரசு வேலைக்கு நன்னடத்தை விசாரணை வரும்போது தலைகாட்டும். கமாண்டர் வழியாக விலகல் கடிதம் கொடுங்கள். சீருடை, பெல்ட், தொப்பி, லத்தி, விசில், அடையாள அட்டை எதையெல்லாம் வாங்கினீர்களோ அதையெல்லாம் பட்டியல் போட்டு ஒப்படைத்து ரசீது பெறுங்கள். பழைய சீருடையைத் தோட்ட வேலைக்கும் தம்பிக்கும் கொடுக்கக் கூடாது. நிலுவைப் படி இருந்தால் எந்தெந்த நாள் என்று தேதியோடு அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்கை அது வந்து சேரும்வரை மூட வேண்டாம்.